எனக்கு மட்டும் கேட்கிற சத்தம்

அந்தச் சத்தம் முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஃபிரிட்ஜிலிருந்து ‘கீ’ என்று மெல்லிய ஒலி ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தது. பழைய ஃபிரிட்ஜ், படுக்கப் போகிறது போலிருக்கிறது என்று நினைத்து சுவிட்சை அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை. ஸ்டெபிலைசரை அணைத்தேன். ஃபேனை, முன்னறை டியூப்லைட்டை, சார்ஜரில் கிடந்த செல்போனைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் ஸ்டூலைப் போட்டு ஏறி மெயினையே இறக்கினேன். வீடு முழுக்க அடங்கிப்போனது. அந்தச் சத்தம் மட்டும் அடங்கவில்லை.

கரண்ட் போய்விட்டதென்று தூக்கத்திலிருந்து எழுந்து வந்த என் கணவர் ஸ்டூல் மேல் நின்ற என்னைப் பார்த்தார்.

“என்னட்டி செய்யுத?”

“ஏதோ கீ கீன்னு கேக்குதுங்க. உங்களுக்குக் கேக்கலையா?”

அவர் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்துக் கேட்டார். இடது காது அவருக்குக் கேட்காது. பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். குண்டு சுடும் பயிற்சியில் போன காது அது. “ஒண்ணுமில்லியே” என்றார்.

இவருக்குக் கேட்காததில் என்ன ஆச்சரியம் என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். வீட்டுக்குள் தெலுங்கும் எங்களிடம் தமிழும் பேசுகிறவர். வந்து நடுக்கூடத்தில் நின்று, சாமி கும்பிடுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “கேக்கலியே தங்கச்சி. எங்க மோட்டாரா இருக்குமோ?” என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரையும் நிறுத்திவிட்டு வந்தார். “இப்ப நின்னுச்சா?” என்றார். இவ்வளவு அக்கறையாக ஓடி வந்து நிற்கிறவரிடம் என்ன சொல்வது? “நின்னுருச்சுக்கா” என்றேன்.

அவர் போன பிறகு மெயினைத் திரும்ப ஏற்றினேன். சத்தம் வீட்டில் இல்லை, எனக்குள் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பயம்கூட வரவில்லை. இதுவும் வந்து சேர்ந்துவிட்டதா என்ற அலுப்புதான் வந்தது.

ஏனென்றால் அதற்கு முன்பே சில வருடங்களாக எனக்கு உடம்பு வலி இருந்தது. உடம்பு வலி என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். யாருக்குத்தான் இல்லை? காலையில் எழும்போது, முந்தின நாள் முழுக்க நெல்மூட்டை சுமந்தவள்போல் எழுவேன். கழுத்து, தோள்பட்டை, இடுப்பு, முழங்கையின் உள்பக்கம் என்று வலி இடம் மாறிக்கொண்டே இருக்கும். தலை பின்னக் கையைத் தூக்கினால் பாதிப் பின்னலில் கை தானாக இறங்கிவிடும். ஈரத் துணியைப் பிழிய முடியாது. தூங்கி எழுந்தாலும் தூங்கினதுபோல் இருக்காது. ரத்தம், தைராய்டு, சர்க்கரை, எக்ஸ்ரே எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாம் நார்மல். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் நார்மல் என்று வரும்போது கூட இருக்கிறவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எனக்கு மட்டும் அந்த வார்த்தை, ‘நீ சொல்வதை நாங்கள் நம்பவில்லை’ என்பதுபோல் கேட்கும்.

காதுச் சத்தத்துக்கும் அதேதான் நடந்தது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். காதைச் சோதிக்கிற சின்னக் கண்ணாடி அறைக்குள் என்னை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சத்தம் கொஞ்சம்கூட நுழையாத அறை. அங்கே என் சத்தம் மட்டும் நெருப்பு பிடித்ததுபோல் எழுந்தது. எது அவர்கள் அனுப்புகிற ஒலி, எது என்னுடையது என்று பிரிக்கத் தெரியாமல் சில இடங்களில் சும்மாவே அழுத்தினேன். வெளியே வந்தபோது என் பிளவுஸ் வியர்வையில் நனைந்திருந்தது.

“காது ரொம்ப நல்லா இருக்கும்மா. இந்த வயசுல இவ்வளவு நல்ல காது பாக்குறதே அபூர்வம்” என்றார் டாக்டர். “அந்தச் சத்தத்தக் கண்டுக்காம விட்டுருங்க.”

என் கணவர் விடவில்லை. தலையில் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எடுத்தோம். அதுவும் நார்மல். அவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் முகத்தைத் துடைத்தார். வெயில் என்று நினைத்தேன்.

அவர் காது விஷயம் வேறு. அவர் காதுக்குச் சர்ட்டிபிகேட் உண்டு, பென்ஷன் உண்டு, சொந்தக்காரர்களிடம் மரியாதை உண்டு. கல்யாண வீடுகளில் “அவியளுக்கு அந்தக் காது கேக்காது, இந்தப் பக்கமா வந்து பேசு” என்று ஆட்களை விலக்கிவிடுவார்கள். என் காதில் கேட்பதை யாருக்கும் காட்ட முடியாது.

வத்திராயிருப்பிலிருந்து வந்த மதினி, அதாவது கணவரின் அக்கா, வந்த கையோடு பூண்டை நல்லெண்ணெயில் காய்ச்சி என் காதில் விட்டார். உப்பு சுற்றிப் போட்டார். நான் படுத்தே கிடந்ததைப் பார்த்துவிட்டு, அடுக்களையில் தன் தம்பியிடம் அவர் பேசியது எனக்குக் கேட்டது. என் கணவருக்கு ஒரு காது கேட்காது என்பதால் எங்கள் வீட்டில் ரகசியம் பேச வழியில்லை.

“வேல பாக்க மனசு இல்லாதவியளுக்கு இப்பிடித்தாம்பா ஒவ்வொண்ணா வரும். நான் இந்த முட்டியோட வயலுக்குப் போயிட்டு வரலியா?”

இவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் மதினியின் பேச்சைவிட என்னை அதிகம் வருத்தியது.

வேலை பார்க்க மனசு இல்லாதவள் நான் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாகப் பல வருடம் வேலை. வக்கீல் சார் அறைக்குள் நடந்துகொண்டே சொல்வார், நான் அடிப்பேன். பிராது, பதிலுரை, பிரமாணப் பத்திரம் எல்லாம் அவர் வாயிலிருந்து நேரே என் விரலுக்கு வந்துவிடும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்று பேசினாலும் ஒரு சொல் தவறாது. அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

தினமும் பஸ்ஸில் போய்த் திரும்புவேன். பஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்ஜின் இரைச்சலும் பாட்டும் கண்டக்டர் விசிலும் சேர்ந்தால் என் சத்தம் அடியில் அமுங்கிவிடும். அந்தப் பயண நேரம் மட்டும் தலைக்குள் அமைதியாக இருக்கும். ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போனால் தோளும் கையும் சாயங்காலம் வரைக்கும் கடுக்கும். ஆடி மாதத் தேரோட்ட நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். அந்த நாட்களிலும் இதே கதைதான். காதுச் சத்தம் மறைந்துபோகும், மறுநாள் உடம்பு எழுந்திருக்காது. ஏதாவது ஒன்றைத்தான் தருவேன் என்று யாரோ பேரம் பேசுவதுபோல் இருக்கும்.

ஆபீஸில் மத்தியானத்துக்கு மேல்தான் கஷ்டம். ஃபேன் சத்தத்துக்கு மேலே என் சத்தம், அதற்கு மேலே சாரின் குரல். ஒரு வாக்கியத்தின் தலை காதில் விழும், வால் விழாது. விழுந்த தலையும் அடிப்பதற்குள் மறந்துபோகும். தெரிந்த சொல்லுக்கே எழுத்து எங்கே இருக்கிறதென்று விரல் தடுமாறும். “இன்னொரு தடவ சொல்லுங்க சார்” என்று கேட்டுக் கேட்டு எனக்கே கூசியது.

ஒருநாள் அவர் நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “என்னம்மா, காது கேக்கலையா?”

“கேக்குது சார். அதான் பிரச்சினையே” என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வாரமே ஒரு பாகப்பிரிவினை வழக்கில் சொத்து விவரம் அடிக்கும்போது வடக்கு எல்லையைக் கிழக்கில் போட்டுவிட்டேன். கோர்ட்டுக்குப் போவதற்கு முன் அவரே பார்த்துத் திருத்திவிட்டார். திட்டவில்லை. அடுத்த நாள் நான் போனபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை அடித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஜெராக்ஸ் எடுக்க வேண்டிய கட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்க முடியாமல் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். பஸ்கள் வந்து போயின. எழுந்து ஏறுவதற்குத் தெம்பு வரவில்லை. கடைசியில் கணவருக்குப் போன் செய்தேன். அவர் பைக்கில் வந்து, என் பையை வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த டாக்டரைப் பார்த்தோம். மூட்டு, தசை நோய்களுக்கான டாக்டர். மதுரையிலிருந்து வாரம் ஒருநாள் ராஜபாளையத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிற அம்மா. என் பழைய ரிப்போர்ட்டுகளை ஒன்றுவிடாமல் படித்தார். படித்துவிட்டு ஓரமாக வைத்தார். கழுத்தடியில், தோளில், இடுப்புக்கு மேலே விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். அழுத்தம் அதிகமில்லை. ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் நான் துள்ளினேன். தூக்கத்தைப் பற்றி, மறதியைப் பற்றி, வயிற்றைப் பற்றியெல்லாம் கேட்டார். பிறகு, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவராகவே கேட்டார்:

“காதுல ஏதாவது சத்தம் கேக்குமா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தத்தை நினைத்து அழவில்லை. அதற்கு இந்த உலகத்தில் ஒரு இடம் இருக்கிறது, ஒரு டாக்டர் கேட்கிற கேள்விகளில் அதுவும் ஒன்று என்பதற்காக அழுதேன். அவர் காத்திருந்தார்.

ஃபைப்ரோமயால்ஜியா என்று பேர் சொன்னார். சதையிலோ எலும்பிலோ காதிலோ கோளாறு இல்லை, அதனால்தான் எந்த டெஸ்டிலும் அகப்படவில்லை என்றார். உடம்பிலிருந்து வருகிற தகவலை மூளை அளவுக்கு மீறிக் கூட்டிக் கேட்கிறது. தொட்டால் வலியாகிறது, வெளிச்சம் கூசுகிறது. இந்த நோய் உள்ள நிறைய பேருக்கு ஒன்றுமில்லாத இடத்தில் சத்தமும் கேட்கிறது. “நீங்க கற்பனை பண்ணல” என்று நிறுத்திச் சொன்னார்.

என் கணவர் வலது காதை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். “தீந்துருமா டாக்டர்?”

“முழுசாத் தீரும்னு சொல்ல மாட்டேன். கூடாமப் பாத்துக்கலாம். கொஞ்சம் கொறைக்கலாம். தினமும் நடக்கணும், ஆனா கொஞ்சமாத்தான் ஆரம்பிக்கணும். தூக்கத்த சரி பண்ணணும். இவங்க முடியலன்னு சொன்னா வீட்டுல நம்பணும்.”

கடைசி வாக்கியத்தை அவர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார். வெளியே வந்ததும் இவர் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தார். “பைப்புரோ... பைப்பு என்னது?” மூன்றாவது தடவை சரியாக வந்தது. பட்டாளத்தில் துப்பாக்கிப் பாகங்களின் பெயரை மனப்பாடம் செய்த பழக்கம். அதன் பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வதற்கு முன் அவர்தான் சொன்னார்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின. முதலில் பகலெல்லாம் மந்தமாக இருந்தது, பிறகு தூக்கம் கொஞ்சம் ஆழமானது. வலி போகவில்லை, முனை மழுங்கியது. சத்தம் அப்படியேதான் இருந்தது. காலையில் கண்மாய்க்கரையில் நடக்கப் போனோம். முதலில் கரையேறித் திரும்புவதே பெரிய காரியம். எப்போதும் நான் அவருக்கு வலப்பக்கம்தான் நடப்பேன். கல்யாணமானதிலிருந்து அது பழக்கம்.

ஒருநாள் கரையில் உட்கார்ந்திருந்தோம். அந்த வருடம் தண்ணீர் நன்றாகக் கிடந்தது. மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லாததால் எனக்குள் இருந்தது ஓங்கி ஒலித்தது. “இந்த எழவு எப்பத்தான் நிக்குமோ” என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எனக்கும் உண்டு.”

“என்ன உண்டு?”

“அந்தச் சத்தந்தான். செத்துப்போன காதுல. குண்டு வெடிச்ச அன்னைக்கே வந்துருச்சு. இன்னும் இருக்கு.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம்தான் வந்தது. அவருக்கும் இருக்கிறதே என்று ஆறுதல் வரவில்லை.

“நான் பைத்தியம் மாதிரி வீட்டுல ஒவ்வொரு சுவிட்சா அணைச்சப்போ, ஒண்ணுமில்லியேன்னு சொன்னீங்களே?”

“வீட்டுல ஒண்ணும் இல்லதான?” என்றார். பிறகு அவருக்கே அந்தப் பதில் போதவில்லை. “காது போனதோட இதையும் பட்டாளத்துல சொன்னா மெடிக்கல் கேட்டகரிய இன்னும் எறக்கிருவானுங்க. பொறவு ப்ரமோஷன் கெடையாது. டாக்டர் கேட்டப்பவும் இல்லன்னுட்டேன். வாய மூடியே பழகிப்போச்சு. ஊருக்கு வந்த பொறவு சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு விட்டுட்டேன்.”

“எங்கிட்டக்கூடவா?”

“ஒனக்கு வந்தப்போ பயந்துட்டேன். எனக்காவது பீரங்கி. ஒனக்கு ஒரு காரணமும் இல்லியே, தலையில கட்டி கிட்டி இருக்குமோன்னு... அதாம் ஸ்கேன் எடுக்கணும்னு நின்னேன்.”

“அன்னைக்கு மதினி பேசுனப்போ?”

அவர் கரையில் கிடந்த கல் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். நான் எழுந்து முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். அன்று முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. இருபது வருடத்துக்கு மேல் பக்கத்தில் படுத்த மனிதர், தினமும் ஒரு சத்தத்தோடு படுத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. அவர் டிவியை ஏன் அவ்வளவு சத்தமாக வைக்கிறார் என்று எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன். காது கேட்காததால் மட்டும் அல்ல, அந்தச் சத்தத்தை மூடுவதற்கும்தான் என்று இப்போது தெரிந்தது. தெரிந்ததால் கோபம் குறைந்தது என்று சொல்ல முடியாது. எனக்கு அந்த நோய் வந்ததிலிருந்து பெரிய சத்தமே உடம்பில் அடிப்பதுபோல் இருக்கும். அவருக்கு வேண்டியது எனக்கு ஆகாது.

மறுநாள் காலை காபியைக் கொடுத்துவிட்டு நானாகக் கேட்டேன். “உங்களுது எப்படி இருக்கும்?”

அவர் யோசித்தார். இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும். “சில்வண்டு. மழை விட்ட பொறவு காட்டுல கத்துமே, அது. ஒன்னுது?”

“குக்கர். விசில் வரப்போவுது, வரப்போவுதுன்னே இருக்கும். வராது.”

அவர் சத்தமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றே கடைக்குப் போய் டிவி சத்தத்தைத் தனியாகக் கேட்க ஒற்றைக் காதில் மாட்டுகிற கருவி ஒன்றை வாங்கி வந்தார். அதை மாட்டிக்கொண்டு நியூஸ் பார்க்கும்போது நான் ஏதாவது கேட்டால், சாதாரணமாகப் பதில் சொல்வதாக நினைத்துக் கத்துவார். அதற்கு வேறு சண்டை உண்டு.

வக்கீல் சாரிடம் நோயின் பேரைச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டாரா, தெரியவில்லை. “வாய்ல சொல்றது வேண்டாம், எழுதித் தாரேன், அத அடிச்சுக் கொடும்மா” என்றார். அவர் கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும். அதை அடையாளம் கண்டு படிக்க அந்த ஆபீஸில் என்னை விட்டால் ஆளில்லை. இப்போது வாரத்தில் பாதி நாள் போகிறேன். வெயில் ஏறும் முன் போய் மத்தியானமே திரும்பிவிடுவேன். பஸ்ஸில் உட்கார இடம் கேட்கப் பழகியிருக்கிறேன். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்ற பார்வையோடு சிலர் எழுந்திருப்பார்கள், சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். விளக்கம் சொல்ல ஆகும் தெம்பில் ஒரு குழம்பு வைத்துவிடலாம்.

போன மாதம் மதினி மறுபடி வந்தார். தேங்காயும் மாம்பழமுமாக ஒரு பை. அன்று எனக்கு மோசமான நாள். மழைக்கு முன்னால் அப்படி ஆகும். முன்னறையில் பாயில் படுத்திருந்தேன். முன்பெல்லாம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்திருப்பேன். அன்று எழுந்திருக்கவில்லை.

“வாங்க மதினி. என்னால எந்திரிக்க முடியல. நீங்களே காபி போட்டுக்கிடுங்க, எனக்கும் கொஞ்சம் கொடுங்க” என்றேன்.

அவர் வாசலிலேயே நின்றார். நான் எதிர்பார்த்த பேச்சு எதுவும் வரவில்லை. தம்பி ஏதாவது சொல்லியிருப்பாரோ, தெரியாது. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு முட்டியைப் பிடித்தபடி அடுக்களைக்குப் போனார். டப்பாக்கள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

“ஏட்டி, சீனி எங்க வச்சிருக்க?”

“மேல் தட்டுல, நீல டப்பால.”

“எனக்கு எட்டல. இந்தா, ஒந்தம்பிய... எந்தம்பியக் கூப்புடு” என்று அவரே தடுமாறிச் சிரித்தார். கணவர் போய் எடுத்துக் கொடுத்தார். மதினி இரண்டு டம்ளரோடு வந்து பாயில் என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். காபியில் சீனி அளவுக்கு மீறி இருந்தது. நான் முழுக்கக் குடித்தேன். அவர் தன் முட்டியை நீவிக்கொண்டே, வத்திராயிருப்பில் இந்த வருடம் மாங்காய் காய்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பாதி கேட்டேன், பாதி கேட்கவில்லை. அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.